கடற்கரைக் காற்றில் ஒரு ரெக்கோட் பிளேயர்: ஓடியோ-டெக்னிக்கா எல்.பி.60எக்ஸ்-யூ.எஸ்.பி.

கொழும்புத் தமிழ் வீடுகளில் அலுமாரிக்கு மேல் கிடக்கும் ரெக்கோட் பெட்டியை இறக்கித் திறந்தால், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே கலவைதான். ஜிம் ரீவ்ஸ் இரண்டு, கிளிஃப் ரிச்சர்ட் ஒன்று, பீட்டில்ஸ், சைமன் அன்ட் கார்ஃபங்கல். லண்டனுக்குப் படிக்கப் போன பெரியப்பாமார் கொண்டுவந்த பொப் டிலன், ஜோன் பயஸ், லெட் செப்பெலின். இடையில் சொருகினபடி பைலாவும் ஈழத்துப் பொப்பும் ஏறிய ஏழு அங்குலச் சிறு தட்டுகள். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் என்று பேரைச் சொன்னாலே வீட்டிலுள்ள பெரியவர்கள் இலங்கை வானொலிக் காலத்துக்குப் போய்விடுவார்கள். பெட்டி இருக்கிறது, கதை இருக்கிறது, பாட வைக்கக் கருவிதான் இல்லை.

அந்தப் பெட்டிக்கு ஏற்றதா என்ற ஒரே கேள்வியோடு இந்தக் கருவியைப் பார்ப்போம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஏற்றதுதான், ஆனால் யூ.எஸ்.பி. உள்ள மொடலை வாங்குங்கள். அது இல்லாத சாதாரண 60எக்ஸும் இதே உடம்பு, இதே ஊசி. பழைய தட்டுகள் உள்ள வீட்டில் கடைசியில் எல்லாரும் கேட்கப்போவது "இதை வட்ஸ்அப்பில் அனுப்ப ஏலாதா?" என்பதுதான். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் (78 ஆர்.பி.எம்.) அரக்குத் தட்டுகள்தான் பெட்டியில் அதிகம் என்றாலோ, கார்ட்ரிஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பகுதி) மாற்றி மாற்றிப் பார்க்க ஆசை என்றாலோ இது உங்களுக்கான சாமான் அல்ல. வேகம் 33⅓, 45 இரண்டும்தான். கார்ட்ரிஜ், ஊசியைச் சுமக்கும் கையோடு சேர்ந்தே வருவது. ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம்.

கருவி முழுத் தானியங்கி. தட்டின் அளவையும் வேகத்தையும் தெரிவுசெய்து ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் கை தானாக எழுந்து போய் இறங்கும், பக்கம் முடிந்ததும் தானாகத் திரும்பி வந்து நிற்கும். கை நடுங்கும் வயதில் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். பழைய தட்டுகளில் உள்ள கீறல்களில் பாதி, ஊசியை இறக்கும்போது கை தடுமாறி விழுந்தவை. பெல்ட்டில் சுழல்கிறது, சுழலும் மேடை வார்ப்பு அலுமினியம், மொத்த நிறை 2.6 கிலோ. அகலம் 36, ஆழம் 37 சென்ரிமீற்றர். தொலைக்காட்சி மேசையின் ஓரத்தில் அடங்கிவிடும்.

மின்சாரம் 12 வோல்ட் அடாப்டர் வழியாக வருகிறது, மோட்டார் டி.சி. வகை. இது ஏன் முக்கியம் என்றால், கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுக்கும் பழைய பிளேயர்கள் பல 110 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தவை. அவற்றை இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே சொருகினால் மோட்டார் கருகும். மாற்றி வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும், மின்னோட்டத்தின் அலைவைப் பிடித்து ஓடும் மோட்டார் நமது 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சுற்றும். ஜோன் பயஸ் ஆண்குரலில் பாடுவார். இந்த மொடலில் அந்தத் தலையிடி இல்லை. அடாப்டரின் முள் மட்டும் உங்கள் சுவர் பிளக்குக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழைய வீடுகளில் உருண்டை முள், புது மாடிவீடுகளில் சதுர முள் என்று நகரம் இன்னும் இரண்டுபட்டுத்தான் கிடக்கிறது. ஆடும் மாற்றுப் பிளக்கில் சொருகினால் பாட்டின் நடுவே டப் டப் என்று சத்தம் வரும், பழி ரெக்கோட்டின் தலையில் விழும்.

பெட்டியைப் பிரித்ததும் பெல்ட். அது மேடையின் அடிப்பக்க வளையத்தில் சுற்றியபடியே, சிவப்பு நாடா ஒன்றில் கோர்த்து வரும். மேடையை நடுக்கம்பியில் இறக்கி, அதிலுள்ள ஓட்டை மோட்டாரின் பித்தளைக் கப்பிக்கு நேரே வரும்வரை திருப்புங்கள். நாடாவைப் பிடித்து பெல்ட்டை இழுத்துக் கப்பியில் மாட்டிவிட்டு நாடாவை உருவி எறியுங்கள். பிறகு மேடையைக் கையால் வலஞ்சுழியாகப் பத்துத் தடவை சுற்றுங்கள். பெல்ட் முறுகி ஏறியிருந்தால் இந்தச் சுற்றில் நேராகிவிடும். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் "புதுச் சாமான், பாட்டு அலைகிறது" என்று கடைக்குத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். ஊசியின் வெள்ளை மூடியும் கையைக் கட்டியிருக்கும் கம்பியும் அடுத்தது. கம்பியைக் கழற்றாமல் ஸ்டார்ட்டை அமுக்கினால் உள்ளே பற்சக்கரம் கறகறக்கும். அதேபோல, கை தானாக நகர்ந்துகொண்டிருக்கும்போது விரலால் பிடித்து நிறுத்தக் கூடாது. கரண்ட் போய்க் கை பாதிவழியில் நின்றாலும் தள்ளாதீர்கள். கரண்ட் வந்ததும் அது தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

பின்பக்கத்தில் ஃபோனோ, லைன் என்று ஒரு சிறு சுவிட்ச். புகார்களில் பாதி இந்த ஒரு சுவிட்சில் முடிந்துவிடும். ரெக்கோட் வெட்டும்போது பள்ளம் அகலாமல் இருக்கக் கீழ்ச்சுருதியைக் குறைத்து மேல்ச்சுருதியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். 1954இல் வழக்கத்துக்கு வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்பது அதுதான். கேட்கும்போது யாராவது அதைத் தலைகீழாக்கவேண்டும். அந்த வேலையைச் செய்யும் சிறு அம்ப்ளிபயர் கருவிக்குள்ளேயே இருக்கிறது. சுவிட்ச் லைனில் இருந்தால் அது வேலை செய்யும். ஆகவே மின்சாரம் உள்ள கணினி ஸ்பீக்கருக்கோ சவுண்ட்பாருக்கோ கொடுப்பவர்கள் லைனில் வையுங்கள். வீட்டில் ஃபோனோ என்று எழுதிய துளையுள்ள பழைய செட் இருந்து, அந்தத் துளையில் மாட்டுவதானால் ஃபோனோவில் வையுங்கள். பாட்டு நுளம்பு பாடுவதுபோல் மெலிந்து, அடிச்சத்தமே இல்லாமல் வந்தால் இரண்டு பக்கமும் அந்த வேலையைச் செய்யவில்லை. காது கிழிய இரைந்து உடைந்தால் இரண்டு பக்கமும் செய்கின்றன. கூடவே வரும் வயரின் ஒரு முனை 3.5 மி.மீ., மறுமுனை சிவப்பும் வெள்ளையும். சிவப்பு வலது.

எங்கே வைப்பது என்பதைக் கொழும்பில் கொஞ்சம் யோசிக்கவேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிக் கடற்கரைப் பக்க வீடுகளில் ரயில் போகும்போது கண்ணாடிக் கதவு அதிரும். அந்த அதிர்வு 2.6 கிலோ நிறையுள்ள பெட்டிக்குள் தடையின்றி ஏறிவிடும். ஊசி துள்ளாவிட்டாலும் ஸ்பீக்கரின் பெரிய கூம்பு சத்தமில்லாமல் முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்க்கலாம். பதிவுசெய்யும்போது அதுவும் சேர்ந்து பதிவாகும். இரண்டு நிலத்து ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அடியில் நான்கு மூலையிலும் சைக்கிள் ரியூப்பை மடித்துவைத்த துண்டுகள் போட்டு, மேலே பிளேயரை வைத்தால் பெரும்பகுதி நின்றுவிடும். சுவரில் அடித்த தட்டு இன்னும் நல்லது. ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்கவே வேண்டாம். சத்தத்தைக் கூட்டினதும் ஊளை கிளம்பினால் காரணம் அதுதான். இந்த மொடலின் கால்களைத் திருகி உயர்த்தித் தாழ்த்த முடியாது. கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியை மேடைமேல் வைத்துப் பார்த்துக் கால்களுக்குக் கீழே விசிட்டிங் கார்ட் மடித்து வையுங்கள்.

இனிப் பாட்டுக்கு வருவோம். இதில் வருவது கூம்பு முனை ஊசி, மாற்று ஊசியின் பெயர் ஏ.ரி.என்.3600எல். முனையின் வளைவு 0.6 மில், அதாவது சுமார் 15 மைக்ரோன். ஊசி தட்டை அழுத்தும் நிறை 3 கிராமுக்கு அக்கம்பக்கம். திருகி மாற்ற இடமில்லை. தெருவோரத்திலும் இணையத்திலும் கிடைக்கும் மலிவுச் சூட்கேஸ் பிளேயர்கள் சில 5, 6 கிராம் அழுத்துபவை. அவற்றோடு ஒப்பிட்டால் இது தட்டுக்குக் கருணையானது. அதேநேரம் கூம்பு முனைக்கு ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் றொக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும்.

பன்னிரண்டு அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசி விநாடிக்கு சுமார் 51 சென்ரிமீற்றர் பள்ளத்தைக் கடக்கிறது. உள் விளிம்புக்கு வரும்போது அது 21 சென்ரிமீற்றர். ஒரே விநாடிச் சத்தம் பாதிக்கும் குறைந்த நீளத்துக்குள் நெருக்கப்படுகிறது. உருண்டை முனையால் அந்த இறுக்கமான வளைவுகளுக்குள் முழுதாக இறங்க முடியாது. 'ஸ்' ஒலிகள் சீறும், சிம்பல் மணல் கொட்டுவதுபோல் கேட்கும். ஆகவே எந்தப் பாட்டு பக்கத்தின் கடைசியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இந்தக் கருவியை மெச்சுவதும் ஏசுவதும் நடக்கும்.

லெட் செப்பெலினின் 1971ஆம் ஆண்டு நான்காவது தட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் ஃபெயார்போர்ட் கன்வென்ஷன் என்ற குழுவிலிருந்த சாண்டி டெனி சேர்ந்து பாடும் நாட்டார் பாணிப் பாட்டு, மூன்றாவதாக, மண்டலினோடு வருகிறது. அது இதில் அருமையாக ஒலிக்கும். இரண்டு குரலும் தனித்தனியாகக் காதில் விழும். அதை அடுத்துப் பக்கத்தை முடிப்பது எட்டு நிமிட 'ஸ்டெயார்வே டு ஹெவன்'. அது மெல்லிய கிற்றாரில் தொடங்கி, போகப்போக ஏறி, ட்ரம்ஸும் மின்கிற்றாரும் கத்தலுமாக உச்சத்துக்குப் போவது பள்ளம் மிகவும் நெருங்கிய இடத்தில். வெட்டினவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் கூம்பு முனைக்கு அது சோதனைதான். கடைசி இரண்டு நிமிடம் கொஞ்சம் கரகரக்கும். கருவி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டாம். அடுத்த பக்கத்தின் முதல் பாட்டைப் போட்டுப் பாருங்கள், தெளிவாக இருந்தால் எல்லாம் சரி.

இதற்கு நேர்மாறு டிலனின் 1965ஆம் ஆண்டு 'ஹைவே 61 ரீவிசிட்டட்'. அதுவும் பக்கத்தின் கடைசியில் நீண்ட பாட்டோடு முடிகிறது, 11 நிமிடத்துக்கு மேல். ட்ரம்ஸ் இல்லை, மரக்கிற்றார்கள், குரல். ஆர்மோனிக்கா வரும் இடம் மட்டும் கொஞ்சம் கூராகும், மற்றபடி முழுதாகத் தப்பிவிடுகிறது. நாட்டார் பாட்டுக்காரர்களுக்கு இந்தக் கருவி பொதுவாகவே நல்லது. நிக் டிரேக்கின் கடைசித் தட்டு, 1972இல் வந்தது, இரண்டு பக்கமும் சேர்ந்தே அரை மணித்தியாலம் வராது. பக்கத்துக்குப் பதினான்கு நிமிடம் என்றால் பள்ளங்களை நெருக்கவேண்டிய அவசியமில்லை. இப்போது புது அச்சாகத் தேடி வாங்கும் இளம் பிள்ளைகள் அதை இதில் போட்டால் விரல் நரம்பில் உரசும் சத்தம்வரை வரும். ஜிம் ரீவ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மைக்குக்குக் கிட்ட நின்று தாழ்ந்த குரலில் பாடும் மனிதர், எந்த ஊசிக்கும் பிரச்சினை கொடுக்காதவர். கடையில் கேட்டுப்பார்க்க அவருடைய தட்டைக் கொண்டுபோகாதீர்கள். எல்லா மெஷினும் நல்ல மெஷினாகத்தான் தெரியும்.

ஜோன் பயஸ்தான் கண்டிப்பான பரீட்சகர். உச்சத்தில் நிற்கும் குரல், பின்னால் கிற்றார் மட்டும். முன்னொரு காலத்தில் பாரமான ஊசி ஓடித் தேய்ந்த பள்ளம் என்றால் அந்தக் குரலின் நெற்றியில் முதலில் தெரியும். அதைப் புதிய ஊசியால் மாற்ற முடியாது. ஆனால் பதிவுசெய்தபின் ஒரு வழி உண்டு, கீழே வருகிறேன்.

சிறு தட்டுகளில் நிலைமை வேறு. 45இல் சுழல்வதால் உள் விளிம்பிலும் விநாடிக்கு 25 சென்ரிமீற்றர் குறையாது. ஈழத்துப் பொப்பும் பைலாவும் போங்கோ, கிற்றார், கைதட்டல் என்று நடுச்சுருதியிலேயே வாழும் பாட்டுகள். ஒவ்வொரு தட்டும் ஒரு கலியாண வீடு. இந்த ஊசிக்கு அது வாய்க்கு ருசியான சாப்பாடு. நடுத்துளை பெரிதாக, 38 மி.மீ. இருந்தால் கூட வரும் வட்ட அடாப்டரைப் போடுங்கள். துளை மையத்தில் இல்லாமல் வெட்டுப்பட்ட சிறு தட்டுகள் அந்தக் காலத்தில் தாராளம். சுருதி மேலும் கீழும் அலையும்போது கடிகாரத்தைப் பாருங்கள்: 1.33 விநாடிக்கு ஒருதடவை ஒழுங்காக அலைந்தால் துளைதான் குற்றவாளி (33⅓இல் அது 1.8 விநாடி). ஒழுங்கில்லாமல் அலைந்தால் பெல்ட். துளையைக் கத்தியால் சுரண்டிப் பெரிதாக்கும் வேலையைத் தயவுசெய்து விடுங்கள்.

இந்தத் தட்டுகள் பலவற்றின் பாட்டுகளை நம்மவர் அறிந்தது வானொலியிலும் கசெற்றிலும் பிரதிக்கு மேல் பிரதியாகத்தான். மூலத் தட்டைச் சுத்தமாகப் போட்டுக் கேட்டால் இதுவரை கேட்டிராத ஒரு கிற்றார் உள்ளே இருப்பது தெரியும். அந்தச் 'சுத்தமாக' என்ற சொல்லில்தான் கொழும்பின் பிரச்சினை முழுதும் இருக்கிறது.

இங்கே ரெக்கோட்டின் எதிரி தூசி அல்ல, பூஞ்சணம். வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் நட்சத்திரம்போலவோ, மூச்சு விட்ட கண்ணாடிபோலவோ படர்ந்திருக்கும். வறண்ட பிரஷால் தேய்த்தால் பள்ளத்துக்குள் இன்னும் அழுந்தும். முகக்கவசம் போட்டு, பல்கனியில் வைத்து, ஈரமாகத்தான் எடுக்கவேண்டும். கலவை இது: காய்ச்சி வடித்த நீர் 750 மில்லிலீற்றர், ஐசோபுரோபைல் அல்கஹோல் 250, வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் மூன்று துளி. குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் சுண்ணாம்பு படியும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் போதும், போத்தலில் அமிலம் சேரவில்லை என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை அல்கஹோலுக்குப் பதிலாக ஊற்றாதீர்கள், சிலவற்றில் சேர்மானம் கலந்திருக்கும், அது படலமாக நிற்கும்.

நடு லேபிளில் ஒரு பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மென்மயிர்ப் பிரஷால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாக ஐந்தாறு சுற்று. இரண்டு நிமிடம் ஊற விட்டு இன்னொரு சுற்று. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் நிமிர்த்திக் காய வையுங்கள். மின்விசிறிக்கு நேரே வைத்தால் தூசியை நீங்களே ஒட்டுகிறீர்கள். பழைய உள் உறையை எறிந்துவிடுங்கள். கழுவின தட்டை அதற்குள் போட்டால் இரண்டு மாதத்தில் பூஞ்சணம் திரும்பும். தடித்த பி.வி.சி. உறைகளும் வேண்டாம், சூட்டில் அவை கசிந்து தட்டின் முகத்தை மங்கவைக்கும். இந்தக் கலவை வினைலுக்கு மட்டும். 78 தட்டில் ஒரு துளி பட்டாலும் அல்கஹோல் அரக்கைக் கரைத்துவிடும்.

கடல் உப்பு தட்டைவிடக் கருவியைத்தான் பிடிக்கும். சிவப்பு-வெள்ளை முனைகளில் பச்சை படிந்தால் ஒரு பக்கம் பாட்டு விட்டுவிட்டு வரும்; அதே அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். பாடாத நேரம் மூடி மூடியே இருக்கட்டும். ஊசியைப் பின்னிருந்து முன்னாக மட்டும் மென்பிரஷால் தடவுங்கள், முன்னிருந்து பின்னாக ஒருபோதும் வேண்டாம். ஊசி 300 முதல் 500 மணித்தியாலத்துக்குள் மாற்றவேண்டியது. நாளொன்றுக்கு ஒரு தட்டு என்றால் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும். குளிரூட்டி போட்ட அறையில் மட்டும் ஒரு சின்ன எரிச்சல்: காற்று வறண்டு நிலைமின் ஏறி, தட்டை எடுக்கும்போது கம்பளி விரிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். பல்கனிக் கதவு திறந்திருக்கும் அறையில் அது நடப்பதே இல்லை.

யூ.எஸ்.பி. பதிவு. கணினியில் ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். வயரை மடிக்கணினியில் நேரே சொருகுங்கள், பல துளைப் பெட்டி வழியாக வேண்டாம், விட்டுவிட்டுப் பதிவாகும். பதிவு சாதனத்தில் யூ.எஸ்.பி. ஓடியோ கோடெக் என்று வருவதைத் தெரிவுசெய்து, இரண்டு சனல், 44100, 16 பிட் என்று வையுங்கள். கருவி தருவதே 16 பிட்தான். விண்டோஸ் இதை மைக் என்று நினைத்துச் சிலவேளை ஒரு சனலுக்கு மாற்றிவிடும், சத்தத்தை 'மேம்படுத்தவும்' செய்யும். ஒலி அமைப்புகளுக்குள் போய் இரண்டையும் நிறுத்துங்கள். தட்டின் மிகச் சத்தமான இடத்தைப் போட்டுப் பார்த்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதிவு மட்டத்தைக் குறையுங்கள். ம்ம்ம் என்று இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிடுங்கள். பெரும்பாலும் அத்தோடு போய்விடும். நிமிடத்துக்குப் பத்து எம்.பி. சொச்சம், நாற்பது நிமிட எல்.பி. 420 எம்.பி. அளவில் வரும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் சேமித்தால் ஏறக்குறையப் பாதி. எம்.பி.3 அனுப்புவதற்கு மட்டும், வைப்பதற்கு அல்ல.

வேகத்தைச் சரிபார்க்கும் வழி இலகுவானது. லேபிளில் ஒரு சிறு கடதாசித் துண்டு ஒட்டி, ஊசி இறங்கிப் பாடிக்கொண்டிருக்கும்போதே சுற்றுகளை எண்ணுங்கள். 33⅓இல் நூறு சுற்றுக்குச் சரியாக மூன்று நிமிடம். 178 விநாடியில் முடிந்தால் கருவி ஒரு வீதத்துக்குச் சற்று மேல் வேகம். ஒடாசிட்டியில் வேகம் மாற்றும் இடத்தில் மைனஸ் 1.11 போட்டால் சரி. கூடச் சேர்ந்து கிற்றார் வாசிக்க நினைப்பவர்களுக்கு இது அவசியம், மற்றவர்களுக்குக் காதில் விழாது.

பொரிச் சத்தத்தை நீக்கும் தானியங்கிக் கருவியில் கை வைக்குமுன் யோசியுங்கள். றொக் தட்டில் அது பரவாயில்லாமல் வேலை செய்யும். விரலால் மீட்டும் கிற்றாரில் நரம்பைத் தட்டும் கணத்தையே பொரி என்று நினைத்துத் தின்றுவிடும். நிக் டிரேக் பஞ்சுக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடுவார். பெரிய பொரிகளை மட்டும் அலைவடிவில் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாக ஒடாசிட்டியின் ரிப்பெயார் கட்டளையைக் கொடுங்கள். ஒரு தடவைக்கு 128 மாதிரிகளுக்கு மேல் அது ஏற்காது, அவ்வளவும் போதும். முன்னர் சொன்ன தேய்ந்த பயஸுக்கான வழி இது: தட்டு மோனோ (இரு பக்கமும் ஒரே ஒலி) என்றால் இடது, வலது சனலைத் தனித்தனியே கேளுங்கள். பள்ளத்தின் இரு சுவரும் ஒரே அளவில் தேய்வதில்லை. நல்ல சுவரை வைத்துக்கொண்டு மற்றதை எறியலாம். இரண்டும் ஒரே தரம் என்றால் கலந்து ஒன்றாக்குங்கள், பாட்டு அப்படியே நிற்க இரைச்சல் குறையும்.

வாங்கும்போது: பெட்டியைத் திறந்து, உங்கள் தட்டு ஒன்றைப் போட்டு, 33, 45 இரண்டிலும், இரு அளவிலும் கை சரியான இடத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள். மறுக்கும் கடையில் வாங்கவேண்டாம். உத்தரவாதம் யார் தருவது என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அதே நாளில் ஒரு மாற்று ஊசியும் எடுத்துவையுங்கள். இந்த ஊசிக்குப் பெயரில்லாப் பிரதிகள் ஏராளம். முனை ஒருபக்கம் சாய்ந்து ஒட்டியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

பீட்டில்ஸ் ரசிகர்களுக்கு மட்டும் ஒரு குறை. 1967ஆம் ஆண்டு 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' தட்டின் பிரித்தானிய அச்சில், கடைசிப் பியானோ ஒலி அடங்கி முடிந்தபின், லேபிளுக்குப் பக்கத்தில் மூடின வட்டமாக ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் அவர்கள் உளறும் சொற்கள் சில. யாராவது வந்து ஊசியைத் தூக்கும்வரை சுற்றிச் சுற்றி வரும்படி வெட்டினார்கள். அன்றைய அமெரிக்க அச்சில் அது இல்லை. பெரியப்பாவின் தட்டு லண்டனில் வாங்கியது என்றால் இருக்கும். இந்தக் கருவியில் போட்டால் உளறல் தொடங்கி ஓரிரு விநாடிக்குள் தானியங்கி கையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதைத் தடுக்கப் பொத்தான் இல்லை. அந்த உளறல் வேண்டுமென்றால் கையால் தூக்கும் பழைய பிளேயர் வைத்திருப்பவர் வீட்டுக்குத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.